ராசாவிலிருந்து ஒரு முதுகலை: தொலைக்கல்வி ஆலோசனைப் பட்டத்தின் நம்பகத்தை யார் தீர்மானிப்பது?

சிரம்பானில் ஜாலான் ராசா வழியாகப் போகிறவர்கள் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையைக் கடக்கிறார்கள். அதே சாலையில்தான் ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பயிற்சி வளாகமும் இருக்கிறது. டாக்டராகவோ தாதியாகவோ விரும்புகிறவர் எங்கே படிப்பது, எத்தனை காலம் வார்டில் நிற்பது, எந்த வாரியத்தில் பெயர் பதிவது என்பதெல்லாம் எப்போதோ வகுக்கப்பட்டுவிட்டன. கவுன்சலிங்கில் முதுகலையைத் தொலைக்கல்வியாகப் படிக்க நினைப்பவருக்கு அப்படியொரு நேர்வழி இல்லை. உள்நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னையிலோ டில்லியிலோ உள்ள பல்கலைக்கழகம், அமெரிக்க இணையப் பல்கலைக்கழகம், கடைவீட்டு மாடியில் நடக்கும் ஏதோ ஒரு ‘சென்டர்’ என எல்லாமே ஒரே கைப்பேசித் திரையில், ஒரே மாதிரி விளம்பரத்தில் வந்து நிற்கின்றன.

கேட்கிறவர்கள் யார் என்பதும் முக்கியம். லாபு, சிலியாவ், பிராட்வால் போன்ற தோட்டங்களிலிருந்து பெயர்ந்து சிரம்பானை ஒட்டிய ராசாவிலும் செனாவாங்கிலும் தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தாதி, தொழிற்சாலை மனிதவள அதிகாரி, கோயில் அல்லது தேவாலயத் தொண்டர் என ஏதோ ஒரு வகையில் பிறர் துயரம் கேட்கும் வேலை ஏற்கெனவே அவர்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதை முறையாகக் கற்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. தேவையும் கற்பனையல்ல. மலேசிய இந்தியர்களிடையே தற்கொலை விகிதம் அவர்களுடைய மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாக இருப்பதைத் தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2000களின் இறுதி அறிக்கைகள் காட்டின. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை தண்டனைக்குரியவராக இருந்தவர் இனி உதவிக்குரியவர் என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிறகு, அந்த உதவியைச் செய்யத் தகுந்தவர் யார் என்ற கேள்வி கனம் கூடுகிறது.

ராசாவிலிருந்து கோலாலம்பூர் அப்படியொன்றும் தூரமில்லை. சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறினால் போய்விடலாம். இங்கே தொலைக்கல்வியைத் தேட வைப்பது கிலோமீட்டர் அல்ல. ஷிப்ட் வேலை, பிள்ளைகளின் பள்ளி நேரம், வீட்டுக் கடன் தவணை. ஆகவே, ‘நேரில் போய்ப் படித்தால் தீர்ந்தது’ என்று சொல்லிவிடுவது கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகவே முடியும். எந்தத் தொலைக்கல்விப் பட்டம் நம்பத்தக்கது என்பதற்கு இதுவரை கிடைத்துள்ள விடைகள் பல. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு பயத்திலிருந்து பிறந்தவை.

தேர்வே சான்று என்ற பழைய விடை

மிகப் பழைய விடை லண்டன் பல்கலைக்கழகத்தினுடையது. 1858இல் அது தன் தேர்வுகளை, கல்லூரியில் சேராதவர்களுக்கும் திறந்துவிட்டது. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று கேட்பதில்லை. தேர்வில் தேறினால் பட்டம். பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பெங்கும் எழுத்தர்களும் ஆசிரியர்களும் இரவு விளக்கில் இதற்குப் படித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவின் ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வந்த தமிழர்கள் சிரம்பானில் கணிசம். அஞ்சல்வழிப் படிப்பும் வெளித்தேர்வும் அந்தச் சமூகத்துக்கு அந்நியமான சொற்கள் அல்ல.

இதையடுத்து வந்தது கற்பித்தலையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யு.எஸ்.எம்.) 1971இல் வளாகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாணவர் சேர்த்ததும் அதே ஆண்டில்தான். 2000இல் அரசுப் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சியாக மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (ஓ.யு.எம்.) உருவானது, 2006இல் பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த நம்பிக்கை ஒன்றுதான்: படிக்கும் வழி எதுவானாலும் அடையும் தரம் ஒன்றாக இருக்கலாம். ஆய்வுலகில் இதற்குப் பலமும் கிடைத்தது. தாமஸ் ரஸல் 1999இல் வெளியிட்ட தொகுப்பு 355 ஆய்வுகளைத் திரட்டி, நேர்வகுப்புக்கும் தொலைக்கல்விக்கும் இடையே கற்றல் விளைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை என்று வாதிட்டது.

வரலாறு, பொருளாதாரம், சட்டம் போன்ற பாடங்களுக்கு இந்த விடை பெரும்பாலும் போதும். ஆலோசனைத் துறைக்குப் போதாது. ரஸல் திரட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை ஒப்பிட்டவை. எதிரே அழுதுகொண்டிருப்பவர் முன் மௌனமாக இருக்கத் தெரிகிறதா என்பதை மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு அளக்காது. கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வரையறுத்த புரிந்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உண்மைத்தன்மை ஆகியவற்றைப் பற்றி ஒருவர் அருமையாக எழுதித் தேறலாம். அந்த மூன்றும் அவரிடம் துளியும் இல்லாமலும் இருக்கலாம்.

அங்கீகாரம் என்ற விடை

இரண்டாவது விடை மோசடியைக் கண்டு பயந்து பிறந்தது. பட்டம் விற்கும் நிறுவனங்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 2015இல் நியூயார்க் டைம்ஸ் கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் நிறுவனத்தை அம்பலப்படுத்தியபோது, அதன் பின்னால் நூற்றுக்கணக்கான போலிப் பல்கலைக்கழகப் பெயர்கள் இருந்தது தெரிய வந்தது. மலேசியாவில் 2019இல் துணை அமைச்சர் ஒருவரின் பட்டம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினுடையது அல்ல, ‘கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி’ என்ற வேறொரு அமைப்பினுடையது என்று வெளியானபோது நாடே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பட்டத்தைப் பதிவேட்டில் தேடிப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கு அரசின் பதில், தரச்சான்று. 1996இல் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் (555ஆவது சட்டம்) வந்தது. தேசியத் தரச்சான்று வாரியம் அமைந்தது. அந்த வாரியத்தின் இடத்தில் 2007 நவம்பரில் மலேசியத் தகுதி முகமை (எம்.கியூ.ஏ.) வந்தது. அது நடத்தும் மலேசியத் தகுதிப் பதிவேட்டை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அரசு வேலைக்கு வேறொரு கண் பார்க்கிறது: பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ. எந்தப் பட்டத்தை ஏற்கும் என்று தனியாக முடிவு செய்கிறது.

இந்த விடையின் பலம் வெளிப்படை. போலியை முதல் சல்லடையிலேயே நீக்கிவிடும். பலவீனம் நுணுக்கத்தில் இருக்கிறது. சான்று பல்கலைக்கழகத்துக்குப் பொத்தாம்பொதுவாக வழங்கப்படுவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. ஒரே பல்கலைக்கழகம் நேர்வகுப்பில் நடத்தும் முதுகலைக்குச் சான்று இருந்து, அதன் தொலைக்கல்வி வடிவம் இன்னும் தற்காலிகச் சான்று நிலையிலேயே இருக்கலாம். ‘எம்.கியூ.ஏ. அங்கீகாரம்’ என்று விளம்பரத்தில் ஒரே வரியாகப் போட்டால் தற்காலிகமும் முழுமையும் ஒன்றாகத் தெரிகின்றன. இன்னொரு சிக்கல் அனுபவத்தை வைத்துச் சேரும் ‘ஏப்பல்’ வழி. 30 வயது கடந்தவர் இளங்கலை இல்லாமலே, தகுந்த அனுபவத்தைக் காட்டி முதுகலையில் சேர இது இடம் தருகிறது. தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்த நேர்ந்து, பின்னாளில் டிப்ளோமா முடித்தவர்களுக்கு இது பெரிய கதவு. ஆனால் முகமை திறந்த கதவைத் தொழில்வாரியமும் திறந்து வைத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பொதுவாகச் சொன்னால், தரச்சான்று ‘இது உண்மையான பட்டமா’ என்ற கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. ‘இதை வைத்துத் தொழில் செய்யலாமா’ என்று கேட்டால் பேசாமல் இருக்கிறது.

சட்டத்தின் விடை

அந்த இரண்டாவது கேள்விக்கு மலேசியா தெளிவான பதிலை வைத்திருக்கிறது. பல நாடுகளில் இல்லாத தெளிவு அது. 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டம் (580ஆவது சட்டம்) ‘கவுன்சலர்’ என்ற பெயரைப் பயன்படுத்துவதையும் அந்தத் தொழிலைச் செய்வதையும் பதிவு பெற்றவர்களுக்கு உரியதாக்கியது. மகளிர், குடும்பம், சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழுள்ள கவுன்சலர் வாரியம் (லெம்பாகா கவுன்சலர்) பதிவை நடத்துகிறது. அறைக்கதவில் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகளைப் பார்க்கிறோமே, அவை பதிவு பெற்ற கவுன்சலர் என்பதையும் தொழில் செய்யும் சான்று உண்டு என்பதையும் குறிப்பவை.

பிரிட்டனில் யாரும் தன்னைக் கவுன்சலர் என்று அழைத்துக்கொள்ளலாம். அங்குள்ள தொழில்முறைச் சங்கங்களில் சேர்வது விருப்பம். சிங்கப்பூரிலும் கவுன்சலர் பதிவு ஒரு சங்கத்தின் தன்விருப்பப் பதிவாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் வேறு. முதலில் சட்டம் இயற்றிய வர்ஜீனியாவே 1976இல்தான் அதைச் செய்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால், ராசாவில் இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தைப் படிப்பதன்று. வாரியத்தின் ஏற்புப் பட்டியலைப் படிப்பது.

நடைமுறையில் பலரை இடறிவிடுவது படிப்பின் பெயர்தான். ‘முதுகலை உளவியல்’, ‘கவுன்சலிங் சைக்கோலஜி’, ‘கவுன்சலிங்’, ‘வழிகாட்டலும் கவுன்சலிங்கும்’ என்ற கல்வியியல் முதுகலை ஆகியவை ஒன்றுக்கொன்று உறவினர் போலத் தோன்றினாலும் வாரியத்தின் கண்ணில் ஒன்றல்ல. கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் என்பது முற்றிலும் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் (774ஆவது சட்டம்) அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. உளவியலில் தொலைக்கல்வி முதுகலை முடித்துவிட்டு இரண்டு வாசலிலும் நுழைய முடியாமல் நிற்கும் அபாயம் உண்மையானது.

சட்டத்தின் விடைக்கும் ஓட்டைகள் உண்டு. பெயருக்குத்தான் காவல் வலுவாக இருக்கிறது. பதிவு இல்லாதவர் பலகையை மாற்றி ‘லைஃப் கோச்’, ‘ஹீலர்’, ‘மனவளப் பயிற்றுநர்’ என்று எழுதிக்கொண்டால், வரும் ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொரு பக்கம், சட்டம் கறாராக இருப்பதாலேயே, உண்மையில் நல்ல பயிற்சி தந்த வெளிநாட்டுப் படிப்பு ஒன்று பட்டியலில் இல்லாததால் மட்டும் பயனற்றுப் போகக்கூடும். பட்டியலில் இல்லாதது எல்லாம் தரமற்றது என்று சொல்ல முடியாது. பட்டியலில் இருப்பதெல்லாம் சிறந்தது என்றும் சொல்ல முடியாது. தொழில் செய்வதற்கு மட்டும் பட்டியல் தவிர்க்க முடியாதது.

கடல் கடந்து வரும் பட்டங்கள்

மலேசியத் தமிழர்களுக்கு இந்தியத் தொலைக்கல்வி மீது தனி ஈர்ப்பு இருந்து வந்திருக்கிறது. கட்டணம் குறைவு, சில பாடங்கள் தமிழிலும் கிடைக்கும், அண்ணாமலை, சென்னை என்ற பெயர்களுக்குத் தாத்தா காலத்து மரியாதை உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொலைக்கல்வியைத் தொடங்கின. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) வந்தது. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். சென்னையின் தொலைக்கல்வி நிறுவனம் கவுன்சலிங் சைக்கோலஜியில் முதுகலை நடத்தியது. இக்னோ உளவியல் முதுகலையோடு, கவுன்சலிங்கும் குடும்பச் சிகிச்சையும் சேர்ந்த தனி முதுகலை ஒன்றையும் கொண்டுவந்தது. அதில் களப்பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. தொலைக்கல்வியாலும் செய்முறையைக் கேட்க முடியும் என்று காட்டிய வகையில் அது குறிப்பிடத்தக்க முயற்சி.

ஆனால் இந்தியாவில் தொலைக்கல்வியின் சட்டநிலை கடந்த இருபது ஆண்டுகளாக நிலையாக இருந்ததில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். மலேசியாவிலிருந்து சேர்கிறவருக்குச் செய்தி பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறது.

2005இல் பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில், சத்தீஸ்கரில் கட்டடம்கூட இல்லாமல் முளைத்திருந்த தனியார் பல்கலைக்கழகங்களுக்கு வழிவிட்ட சட்டப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தொலைக்கல்வியை மேற்பார்த்த மன்றம் இக்னோவுக்குள்ளேயே இருந்தது. அதாவது போட்டியாளரே நடுவர். 2013இல் அந்த மன்றம் கலைக்கப்பட்டு, பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு (யு.ஜி.சி.) போனது. அதே ஆண்டு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்கு வெளியே மையங்கள் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்தது. பினாங்கிலோ சிரம்பானிலோ ‘தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மையம்’ என்ற பலகையைப் பார்த்தால் இந்த அறிவிப்பை நினைவில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது.

2017இல் உச்ச நீதிமன்றம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றித் தொலைக்கல்வியில் வழங்கிய பொறியியல் பட்டங்களை நிறுத்திவைத்தது. பட்டம் வாங்கி, வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தலையில் விழுந்த அடி அது. 2022இல் யு.ஜி.சி., அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைக்கல்விப் படிப்புகளுக்கு 2014–15 கல்வியாண்டு வரைதான் தன் அங்கீகாரம் இருந்தது என்று பொதுமக்களை எச்சரித்தது. 1929இல் தொடங்கப்பட்ட, தமிழ் உலகம் முழுதும் அறிந்த ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிய எச்சரிக்கை! நிறுவனத்தின் புகழும் குறிப்பிட்ட படிப்பின் சட்டநிலையும் எவ்வளவு தூரம் விலகி நிற்கலாம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

கடைசியாக வந்ததுதான் நம் கேள்வியை நேரடியாகத் தொடுகிறது. 2021இல் இந்தியா துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. உளவியல் சார்ந்த தொழில்களும் அதன் எல்லைக்குள் வந்தன. அதைத் தொடர்ந்து, 2025 ஜூலை–ஆகஸ்டு சேர்க்கை முதல், அந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைக்கல்வியாகவோ இணையவழியாகவோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு உத்தரவிட்டது. உளவியல் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றது. லட்சக்கணக்கானவர்களைத் தொலைக்கல்வியில் படிக்க வைத்த ஒரு நாடு, இந்தத் துறைக்கு மட்டும் அந்த வழி சரிப்படாது என்று முடிவு செய்திருக்கிறது.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். செய்முறை இல்லாத உளவியல் பட்டங்கள் பெருகியதற்கான தாமதமான திருத்தம் என்பது ஒரு வாசிப்பு. தரமானதையும் தரமற்றதையும் ஒரே கத்தியால் வெட்டியது என்பது இன்னொன்று; களப்பயிற்சியை வலியுறுத்திய படிப்புக்கும் வெறும் வினாத்தாள் படிப்புக்கும் இடையே உத்தரவு வேறுபாடு காட்டவில்லை. இரண்டாவது வாசிப்பில் எனக்கு நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் சேரப்போகிறவருக்கு இந்த விவாதத்தால் பயனில்லை. இன்று யாராவது இந்தியத் தொலைக்கல்வி உளவியல் முதுகலைக்குப் புதிய சேர்க்கை என்று அழைத்தால், எந்த ஆண்டின் எந்த அனுமதியில் என்று கேட்டாக வேண்டும்.

அமெரிக்கப் படிப்புகள் வேறு தர்க்கத்தில் இயங்குகின்றன. அங்கே கவுன்சலிங் படிப்புகளுக்கென்றே 1981இல் உருவான கேக்ரெப் என்ற தரச்சான்று அமைப்பு, நேர்வகுப்போ இணையமோ, ஒரே அளவுகோலை வைக்கிறது. முதலில் 100 மணி நேரச் செய்முறை, அதில் 40 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு. பிறகு 600 மணி நேர உள்ளகப் பயிற்சி, அதில் 240 மணி நேரம் நேரடியாக. வால்டன், கப்பெல்லா போன்ற இணையப் பல்கலைக்கழகங்களின் சில படிப்புகள் இந்தச் சான்றைப் பெற்றுள்ளன. கருத்தளவில் இதுவே தெளிவான மாதிரி என்று தோன்றுகிறது. வழியைப் பற்றிக் கவலைப்படாமல் மணி நேரத்தைக் கணக்குக் கேட்பது. ஆனால் ரிங்கிட்டில் சம்பளம் வாங்கி டாலரில் கட்டணம் கட்டுவது எத்தனை பேருக்குச் சாத்தியம்? அமெரிக்க உரிமத்துக்காக வார்த்த படிப்பை மலேசிய வாரியம் அப்படியே ஏற்கும் என்று கொள்வதற்கும் இடமில்லை.

செய்முறை: உண்மையான தேர்வுக்களம்

மேலே கண்ட விடைகள் எல்லாம் வேறுவேறு பாதையில் போய் ஒரே இடத்தில் முட்டுகின்றன. அது மேற்பார்வையோடு கூடிய செய்முறை. தொலைக்கல்வியை எதிர்ப்பவர்களின் வலுவான வாதமும் இதுவே: மனிதரோடு மனிதர் அமரக் கற்கும் தொழிலை மனிதர் இல்லாத இடத்தில் எப்படிக் கற்பிப்பது?

இந்த வாதம் தோன்றுமளவுக்கு வலுவானதல்ல. கவுன்சலிங் கல்வி ஆரம்பத்திலிருந்தே பதிவுக்கருவியை நம்பியது. ரோஜர்ஸ் 1940களிலேயே அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து மாணவர்களோடு கேட்டார். நார்மன் கேகன் 1960களில் மிச்சிகனில் வீடியோவை ஓடவிட்டு, இடையில் நிறுத்தி, ‘இந்த இடத்தில் உன் மனதில் என்ன ஓடியது’ என்று கேட்கும் முறையை வளர்த்தார். மேற்பார்வையாளர் அறைக்குள் இருந்ததில்லை, பதிவுதான் இருந்தது. ஆக, மேற்பார்வையாளர் ஷா ஆலாமிலும் மாணவர் ராசாவிலும் இருப்பது மட்டும் பயிற்சியைக் கெடுத்துவிடாது. கெடுப்பது வேறு: செய்முறை இடத்தை மாணவரே தேடிக்கொள்ளட்டும் என்று பல்கலைக்கழகம் கைகழுவுவது, மணி நேரத்தைக் காகிதத்தில் நிரப்பினால் போதும் என்று விடுவது, ஒரு மேற்பார்வையாளருக்கு அளவுக்கு மீறி மாணவர்களைக் கட்டிவிடுவது.

ராசாவில் இருப்பவருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பொதுவான வழிகாட்டிகளில் இது பேசப்படுவதில்லை. அவர் நாளை சந்திக்கப்போகும் ஆட்களில் பெரும்பகுதி தமிழில் பேசுவார்கள். பயிற்சியோ மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். அமர்வின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். முன்னாள் பால்மரத் தொழிலாளி ஒருவர், தன் மகன் வயதுப் பயிற்சி மாணவர் முன் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் அவரை ‘அண்ணே’ என்று அழைத்தாரா, ‘ஐயா’ என்றாரா, பெயரோடு ‘சார்’ சேர்த்தாரா என்பதில் அந்த அமர்வின் பாதி அடங்கியிருக்கிறது. எவ்வளவு நெருங்கினார், எங்கே விலகினார், தொழில்முறை எல்லையை எப்படி வரைந்தார் என்பதை அது காட்டிவிடும். மலாய் எழுத்தாக்கத்தில் எல்லாமே ‘என்ச்சே’ ஆகி, அந்தத் தடயம் அழிந்துபோகும். மேற்பார்வையாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் கேட்காத ஒன்றைத் திருத்த முடியாது.

நேர்வகுப்பில் படித்தாலும் இந்தச் சிக்கல் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லப்போனால் இங்கேதான் தொலைக்கல்விக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. மாணவர் தன் ஊரிலேயே செய்முறை செய்வதால், தமிழ் அறிந்த பதிவு பெற்ற கவுன்சலர் ஒருவரை உள்ளூர் மேற்பார்வையாளராக ஏற்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதில், பதிவேட்டில் காணும் சான்றைவிடப் பல சமயம் அதிகம் சொல்லும். ‘பார்க்கலாம்’ என்பது ஒரு பதில். ‘இன்ன தகுதியுள்ளவரை ஏற்போம், இந்தப் படிவத்தை நிரப்புங்கள்’ என்பது வேறு பதில்.

பள்ளிகளைச் செய்முறை இடமாக நினைப்பவர்களும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 150 மாணவருக்குக் குறைவான பள்ளிகள் இந்நாட்டில் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுகின்றன; தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை இந்த வகை. முழுநேரக் கவுன்சலர் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைச் சார்ந்தது என்பதால், தேவை மிகுந்த பள்ளியில் மேற்பார்க்க ஆள் இருக்கமாட்டார். ஆள் இருக்கும் பெரிய பள்ளியிலோ செய்முறைக்கு வருபவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

பட்டமே தேவையா என்ற மாற்றுக் குரல்

இந்தக் கேள்வியையே புரட்டிப் போடும் தரப்பு ஒன்றும் உண்டு. பிறர் துயரத்தைக் கேட்க முதுகலை எதற்கு என்பது அவர்கள் வாதம். கோலாலம்பூரில் 1970இல் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் என்ற மனத்துயர் உதவி அமைப்பு, பயிற்சி பெற்ற தொண்டர்களை வைத்தே நடக்கிறது. சிரம்பானிலும் அதன் கிளை உண்டு. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்னேகாவும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் 1987இல் உருவான சாந்திகம், போர்க்காலத்தில் ஊர்மட்டத்திலேயே ஆட்களைப் பயிற்றுவித்து உளவளத்துணையைக் கொண்டுசென்றது. பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் காத்திருக்க அந்த மண்ணுக்கு அவகாசம் இருக்கவில்லை. கோவாவில் விக்ரம் பட்டேல் குழு செய்து 2010இல் லான்செட்டில் வந்த ஆய்வு, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களால் அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்கள் குணமடைவது கூடியதைக் காட்டியது.

இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அதன் ஆதரவாளர்கள் ஒன்றை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். மேற்சொன்ன எதிலும் தொண்டர் தனியாக விடப்படவில்லை. கோவாவில் பின்னால் மனநல மருத்துவர் இருந்தார். மற்றவற்றில் தேர்வு, பயிற்சி, தொடர் கண்காணிப்பு இருந்தன. அதாவது பட்டத்தை அவர்கள் கழித்தார்கள், மேற்பார்வையைக் கழிக்கவில்லை. மலேசியச் சட்டத்தின் கீழ், தொண்டராகச் செவிசாய்ப்பதும் கவுன்சலர் என்று பலகை மாட்டுவதும் வேறுவேறு. பொழுது மீந்த வேளையில் கோயில் மண்டபத்திலோ தொலைபேசி முன்போ உதவ விரும்புகிறவர், மூன்று வருடமும் வைப்புநிதிப் பணமும் செலவழித்து முதுகலை தேட வேண்டியதில்லை. தொண்டர் அமைப்பின் பயிற்சியே அவருக்குப் பொருத்தமாக இருக்கலாம். விளம்பரங்கள் இதைச் சொல்லாது.

எஞ்சும் மதிப்பீடு

இத்தனை விடைகளையும் சேர்த்துப் பார்த்தால், தொலைக்கல்வி என்பதே குறை என்று சொல்ல ஆதாரம் போதவில்லை. தொலைக்கல்வி என்பதால் குறையில்லை என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. தற்போதைய நிலையில் மலேசியாவில் தொழில் செய்ய விரும்புகிறவருக்கு வரிசை ஓரளவு தெளிவு: முதலில் கவுன்சலர் வாரியத்தின் ஏற்பு, அதுவும் குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட படிக்கும் முறைக்கும், அடுத்து தகுதி முகமையின் முழுச் சான்று, அரசு வேலை நோக்கமானால் ஜே.பி.ஏ.; அதன்பிறகே கட்டணமும் வசதியும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கட்டணத்தில் தொடங்கி, பட்டம் கையில் வந்தபின் வாரியத்தின் கதவைத் தட்டுகிறார்கள். எந்த ஏற்பையும் வாய்மொழியாக அன்றி எழுத்தில், தேதியோடு வாங்கிக்கொள்வது நல்லது. இந்தியாவில் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தத் தேதிக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

திறந்தே இருக்கும் கேள்விகளும் உண்டு. இந்தியாவின் 2025 உத்தரவுக்கு முன் தொலைக்கல்வியில் உளவியல் முடித்தவர்களின் பட்டங்களை வெளிநாட்டு வாரியங்கள் இனி எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பது ஒன்று. பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு கவுன்சலிங்கே பாதி திரைவழி நடக்கும்போது, திரைவழி நடத்திய அமர்வுகளைச் செய்முறை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் சேர்க்கலாம் என்பது இன்னொன்று. இதில் தொழில் அமைப்புகளிடையே ஒருமித்த நிலை இன்னும் உருவாகவில்லை. மூன்றாவது நமக்கே உரியது. தமிழில் மேற்பார்வை செய்யக்கூடிய பதிவு பெற்ற கவுன்சலர்களின் பட்டியல் ஒன்றை, மாநிலவாரியாக, யார் தயாரிப்பது? பல்கலைக்கழகங்களுக்கு அதில் அக்கறை பிறக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் தெரியவில்லை. ஏற்கெனவே பதிவு பெற்றுத் தொழில் செய்துவரும் தமிழ்க் கவுன்சலர்கள் முன்வந்தால் ஆகக்கூடிய காரியம் அது. நெகிரி செம்பிலானில் தொடங்குவதானால் சிரம்பான், போர்ட்டிக்சன், நீலாய் என மூன்று ஊர்களைச் சுற்றி வந்தாலே முதல் பட்டியல் தேறிவிடும்.